ரெண்டு கிலோவுக்கு ஒருதரம் எழுந்தவள்

முதலியார்பேட்டையில் அஞ்சலாட்சி என்று இரண்டு பேர் உண்டு. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இட்லி போடுகிறவள் ஒருத்தி. அவளைப் பற்றி இங்கே பேச்சில்லை. இவள் மில்லில் நூல் பிரிவில் இருந்த சின்னத்தம்பியின் மூன்றாவது பெண். தாய் வீராம்பட்டினத்துக்காரி. கட்டிக்கொண்டது அதே மில்லில் பிட்டராக இருந்த ராஜவேலை. மில் மூடியபிறகு ராஜவேல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனார். அஞ்சலாட்சி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வெட்ட உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று சொல்வதே அவளைப் பொறுத்தவரை அபாண்டம். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொள்வாள். "அக்காவ போட்டோ எடுக்கணும்னா கட்டிப்போட்டுத்தான் எடுக்கணும்" என்று அவள் சித்தப்பா மகன் சொல்வான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றரை வரை ஒரு காலை மடக்கி, மறு காலால் அரிவாள்மனையை அழுத்திக்கொண்டு, ஈரச்சாக்கின் மேல் குந்தியிருக்கிற வேலை.

ஐம்பது தாண்டியதும் முழங்கால் இரண்டும் கெட்டன. வலதுதான் முதலில். எழுந்திருக்கும்போது நண்டு ஓட்டை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். தேய்மானம் என்றார்கள். அதை ஒரு பெரிய விஷயமாக அவளும் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் தேயாத முட்டி அந்த வரிசையிலேயே கிடையாது.

வரிசை என்பது ஏலக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. பன்னிரண்டு இடம், பன்னிரண்டு பெண்கள். ஏழு மணிக்கு டீ வரும். டீயோடு பன் வரும். பன்னைப் பிய்த்து வாயில் போட்டதும் புஷ்பமேரியின் சுருக்குப்பை திறக்கும். புஷ்பமேரி அஞ்சலாட்சிக்கு அடுத்த இடத்துக்காரி, நெல்லித்தோப்புக் கிறிஸ்தவ வீடு. அவள் மாமனாரின் தமையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் இன்றைக்கும் பிரான்சில் ஒரு சொந்தம் உண்டு. பைக்குள்ளே வலி மாத்திரை அட்டைகள். மெடிக்கலில் சீட்டு எதுவும் காட்டாமல் வாங்கியவை.

"வரிசையா கைய நீட்டுங்கடி, நன்மை வாங்கிக்குங்க" என்று, பூசையில் நற்கருணை கொடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒன்று கிழித்துக் கொடுப்பாள். பிறகு வானத்தைப் பார்த்து, "மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று சிலுவை போட்டுக்கொள்வாள்.

அது மருந்து என்று யாருக்கும் தோன்றியதில்லை. டீயை வேண்டாம் என்று சொல்லலாம், கோபப்பட மாட்டார்கள். மாத்திரையை வேண்டாம் என்றால், 'எங்களை விட நீ ஒசத்தியா' என்று ஆகிவிடும்.

ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த ஆனி மாசத்தில் அஞ்சலாட்சியின் பாதங்கள் வீங்கின. மெட்டி இறங்கவில்லை. ராஜவேல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு முதலில் கேட்டது முட்டியைப் பற்றி இல்லை.

"வலி மாத்திரை எத்தனை வருஷமா போடறீங்க?"

"தெனம் ஒண்ணுதாம்மா. ஞாயித்துக்கெழமன்னா ரெண்டு. அன்னிக்குக் கூட்டம்."

"எத்தனை வருஷமா?"

அஞ்சலாட்சி ராஜவேலைப் பார்த்தாள். "நம்ம தம்பி வீட்டுப் பொண்ணு வயசுக்கு வந்த வருஷம் ஆரம்பிச்சது. எட்டு வருஷம் இருக்கும்."

சிறுநீரகம் தளர ஆரம்பித்திருக்கிறது, இன்றோடு அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எந்தப் பெயரில் வந்தாலும் தொடக்கூடாது என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். கேட்டதும் அஞ்சலாட்சிக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. மூத்த அக்கா தாமரைச்செல்வி இதே வரிசையில், இதே இடத்தில் உட்கார்ந்து மீன் வெட்டியவள். மாத்திரையைக் கடலை மாதிரிப் போட்டவள். கடைசி இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் இரத்தம் சுத்தம் பண்ணி, தண்ணீரைக் கூட டம்ளரில் அளந்து குடித்துச் செத்தாள். அவள் இடம்தான் அஞ்சலாட்சிக்கு வந்தது.

மாத்திரை போட்டால் அக்காவின் கதி. போடாவிட்டால் உட்கார முடியாது. உட்கார முடியாவிட்டால் இடம் போய்விடும். வரிசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: இரண்டு நாள் இடம் காலியாகக் கிடந்தால் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் முதல் ஏலம் முடிவதற்குள் மனையைப் போடாவிட்டால், காத்திருக்கிறவளுக்கு அந்த இடம். சாவு, பிரசவம், அம்மன் தேர் இந்த மூன்றுக்கும்தான் விலக்கு. உடம்பு சரியில்லை என்பதற்கு விலக்கு இல்லை. யாருக்குத்தான் உடம்பு சரியாக இருக்கிறது என்று வரிசையின் மூத்தவள் ஆயம்மா கேட்பாள். காத்திருக்கிறவள் பெயர் வேம்பு. நாற்பது வயது, புருஷன் விட்டுப் போனவள். ஒன்றரை வருஷமாகக் குழாயடியில் நின்றுகொண்டு, வரிசையில் எல்லோருக்கும் கை நிறைய வேலை இருக்கும்போது மிஞ்சி வருகிற இரண்டொரு மீனைக் கையில் பிடித்து அறுக்கிறாள்.

மாத்திரைக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் ஒன்று கொடுத்தார்கள். அது பேச்சு. மெரின் என்று ஒரு பெண், மனநலப் பிரிவில் வேலை. பத்து வாரம், வாரம் ஒருதரம், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் போன் செய்வாள்.

"பேசுனா முட்டி சரியாயிடுமா பாப்பா?" என்று அன்றைக்கே கேட்டுவிட்டாள் அஞ்சலாட்சி.

"தேஞ்சது தேஞ்சதுதாம்மா. அது திரும்ப வளராது. ஆனா வலியோட எப்படிப் பொழங்கறதுன்னு கத்துக்கலாம். மாத்திரை இல்லாம வேலைக்குப் போகலாம்."

வேலைக்குப் போகலாம் என்ற சொல்லைத்தான் அஞ்சலாட்சி பிடித்துக்கொண்டாள்.

முதல் வியாழன் போன் வந்தபோது அவள் கை முழுக்க கானாங்கெளுத்தி இரத்தம். புஷ்பமேரிதான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். பன்னிரண்டு பேரும் கேட்டார்கள்.

"அம்மா, இப்போ வலி பத்துக்கு எத்தனை?"

"பத்துக்குப் பன்னெண்டுன்னு போடு" என்றாள் புஷ்பமேரி.

"அது யாரும்மா?"

"பக்கத்து எடம் பாப்பா. அவளுக்கு வாய் மட்டும்தான் தேயல. எனக்கு ஏழு."

"வலி வந்தவுடனே மனசுல முதல்ல என்ன தோணுது?"

வரிசையில் ஒரு சிரிப்புப் போனது. "மாத்திரைய போடுன்னு தோணும், வேற இன்னா தோணும்" என்றாள் ஆயம்மா அந்தக் கோடியிலிருந்து. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. மீனின் செவுளைப் பிடுங்கிக்கொண்டே, "எங்க அக்கா தோணுது" என்றாள். "அப்புறம் எடம் போயிடும்னு தோணுது. முட்டி ஒரு பங்கு வலிச்சா மண்டை மூணு பங்கு வலிக்குது."

குழாயடியில் நின்ற வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு நின்றது.

மெரின் இரண்டு காரியம் சொன்னாள். ஒன்று, வலி வரட்டும் என்று காத்திருந்து எழுந்திருக்கக் கூடாது; வலித்தாலும் வலிக்காவிட்டாலும் இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து மூன்று நிமிஷம் நடந்துவிட்டு வர வேண்டும். நல்ல நாளில் ஒரேயடியாக உழைத்துவிட்டு மறுநாள் படுத்துக் கிடப்பதுதான் முட்டியைக் கெடுக்கிறது என்றாள். இரண்டு, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்க வேண்டும். அப்போது மனசை வலியில் விடாமல் வேறு எதிலாவது கட்டிப்போட வேண்டும்.

எண்ணுவது அஞ்சலாட்சிக்குப் பிடிக்கவில்லை. ஒன்று இரண்டு என்று சொல்லும்போது மனசு முட்டிக்கே போனது. அதனால் ஆட்களை எண்ணினாள். வீராம்பட்டினத்துத் தாத்தா, அவர் தம்பி, பெரிய மாமன், அவர் பெண்சாதி, அவர்கள் பெற்றது நாலு... ஒவ்வொருவர் முகமும் வர வேண்டும், வந்தால்தான் அடுத்த ஆள். ராஜவேல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏழுலயே எறக்கிட்டியே?"

"அடுத்தது சின்ன மாமன் வீடு. காதுகுத்துக்கு நமக்குச் சொன்னாங்களா? அவங்கள எண்ண மாட்டேன்."

"கால நீட்றதுக்குமா வைராக்கியம்? எங்க பக்கம் ஆள் இல்லியா, அவங்கள எண்ணு."

"உங்க பக்கம் எண்ணுனா வலி கூடுதுய்யா."

ஆனாலும் எண்ணினாள். மூன்றாவது வாரம் ராஜவேலின் ஒன்றுவிட்ட தங்கை வரைக்கும் போனாள். நாலாவது வாரம் வலி ஐந்து என்றாள். இராத்திரித் தூக்கம் வந்தது. வலி சில நாள் ஏழுக்கு ஏறும், சில நாள் நாலுக்கு இறங்கும். ஏறினபோது உலகம் முடிந்துவிட்டது என்று தோன்றாததுதான் புதுசு.

துறைமுகத்தில்தான் அவதி. ஏழு மணிக்குச் சுருக்குப்பை திறக்கும்போது அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். "மகாராணிக்கு நம்ம நன்மை வேணாமாம்" என்று புஷ்பமேரி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். இருபது நிமிஷக் கணக்குக்கு ராஜவேல் போனில் அலாரம் வைத்துக் கொடுத்தார். அது அடிக்கும்போதெல்லாம் பாதி மீன் கையில் இருக்கும். வாங்க வந்தவர் அவசரப்படுவார். ஈரக்கையால் அணைக்க முடியாமல் அது அடித்துக்கொண்டே இருக்கும். "கோயில் மணி அடிச்சிருச்சு, எழுந்திருங்கடி" என்று வரிசையே கத்தும். எழுந்து நடந்தால் இடம் பறிபோன மாதிரி ஒரு பதற்றம், உட்கார்ந்தால் அலாரம் எப்போது அடிக்கும் என்ற பதற்றம். ஐந்தாவது வாரம் அலாரத்தை நிறுத்திவிட்டாள். அவளே ஒரு கணக்குப் போட்டாள். இரண்டு கிலோ மீன் வெட்டினால் ஒருதரம் எழுந்திருப்பது. சங்கரா, கானாங்கெளுத்தி, கிழங்கான் எதுவானாலும் இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய இருபது நிமிஷம்தான். மீன் கைமாறும் நேரத்தில் எழுந்தால் வாங்குகிறவரும் முகம் சுளிப்பதில்லை.

போனில் சொன்னபோது மெரினுக்கு மகிழ்ச்சி. "சூப்பர்ம்மா. உங்க வேலைக்கு ஏத்த மாதிரி நீங்களே மாத்திக்கிட்டீங்க. அப்படியே பண்ணுங்க."

இரண்டு வாரம் அது நன்றாகத்தான் ஓடியது.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை நெத்திலி வந்தது. கூடை கூடையாக வந்தது. கொட்டகையே வெள்ளி கொட்டினாற்போல் இருந்தது. ஓர் ஓட்டல்காரர் ஆறு கிலோ வாங்கி அஞ்சலாட்சி முன்னால் கொட்டிவிட்டு, ஒன்பதரைக்குள் வேண்டும் என்று போய்விட்டார். நெத்திலிக்கு மனை வேண்டாம். நகத்தால் தலையைக் கிள்ளி, குடலை இழுத்துப் போட வேண்டும், ஒவ்வொன்றாக. கை பழகிய வேலை. மனசு எங்கேயோ போய்விடும். இரண்டு கிலோ ஆகட்டும், எழுந்திருக்கலாம் என்று இருந்தாள். விரல் அளவு மீனில் இரண்டு கிலோ என்றால் எத்தனை நூறு என்று அவள் யோசிக்கவில்லை. டீ வந்தது, போனது. முதல் இரண்டு கிலோ முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது எழுந்திருக்கப் போனாள். கால் மரத்திருந்தது; ஓட்டல்காரர் வந்துவிடுவாரே என்று மறுபடி குந்திவிட்டாள். எல்லாம் கிள்ளி முடித்து ஒன்பதே முக்காலுக்கு எழுந்தபோது வலது முட்டி நிமிரவில்லை. மடங்கினபடியே பூட்டிக்கொண்டது.

அவள் போட்ட சத்தத்தில் ஏலக்காரர் கூவலை நிறுத்தினார்.

புஷ்பமேரியும் ஆயம்மாவும் இரண்டு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு மெரின் போன் செய்தபோது அவள் வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"ரெண்டு கிலோ கணக்குதானே பாப்பா நீ சொன்னது! நெத்திலியில ரெண்டு கிலோன்னா இன்னா தெரியுமா உனக்கு?"

"தெரியலம்மா. எனக்குத் தெரியல. நான் கேட்டிருக்கணும்."

"உங்க வீட்ல நெத்திலியே வாங்கறதில்லியா?"

"வாங்குவாங்கம்மா. சுத்தம் பண்ணித்தான் வரும்."

"யாரு பண்றாங்கன்னு நெனச்ச?" என்று கேட்டுவிட்டு, அஞ்சலாட்சியே, "சரி வுடு. நானும்தான் யோசிக்கல" என்றாள்.

"வீக்கம் வடியறவரைக்கும் மடக்காதீங்க. ஐஸ் வைங்க. இதோட எல்லாம் போச்சுன்னு மனசு சொல்லும். அது சொல்றத அப்படியே நம்பாதீங்க. ஆறு வாரம் நீங்க நடந்தது பொய்யில்லம்மா."

வெள்ளிக்கிழமை இடம் காலி. சனிக்கிழமையும் காலி. இந்த இரண்டு நாளும் அஞ்சலாட்சி பட்ட பாட்டில் முட்டியால் பட்டது பாதிகூட இல்லை. கட்டிலில் கிடந்தபடி காலண்டரைப் பார்த்தாள். சுவரில் கை வைத்து எழுந்தாள், இரண்டடி நொண்டினாள், திரும்ப வந்து விழுந்தாள். மறுபடி எழுந்தாள். ஆட்களை எண்ணிப் பார்த்தாள். தாத்தாவுக்கு அடுத்து வேம்புவின் முகம்தான் வந்தது, சாக்கை விரித்துக்கொண்டு.

"ஒரு எடத்துல கெட அஞ்சல" என்றார் ராஜவேல். "எடம் போனா போவுது. கால் இருக்கணும்."

"உனக்கு மில்லு போனப்ப நாலு மாசம் யாரு முகத்திலயும் முழிக்காம கெடந்தியே, மறந்துட்டியா? எனக்குச் சொல்ல வந்துட்ட."

அவர் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்துவிட்டு, டியூட்டிக்குக் கிளம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பமேரி வந்தாள். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம், முந்தானை முடிச்சில் ஒரு சின்ன பெட்டி. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு மூணாம் நாளுடி. வேம்பு இன்னிக்கே மனைய சாணை புடிச்சிட்டா. நான் கண்ணால பாத்தேன்."

"தெரியும்."

"இத்த போட்டுக்கோ." பெட்டியைத் திறந்தாள். வெள்ளை அட்டையில் பளபளவென்று மாத்திரைகள். "நம்ம மெடிக்கல் மாத்திரை இல்ல. பிரான்சுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் பெரியப்பா பேரன் பிரான்சுவா எடுத்துட்டு வந்தது. அங்க கெழவிங்க எல்லாம் இத்தத்தான் போட்டுட்டு மாதா கோயிலுக்கு மாடி ஏறுறாளுங்க. கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாது."

"எப்படித் தெரியும்?"

"பிரான்சுக்காரன் கெட்ட மாத்திரை செய்வானாடி? செஞ்சா அவன் கவர்மென்ட்டு வுடுமா? நம்ம ஊரு மாத்திரைதான் கிட்னியத் தின்னும்." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு வருஷம் நான்தானே குடுத்தேன் உனக்கு. அது என் நெஞ்சுல கெடக்குது. உன் எடத்துல வேற ஒருத்தி உக்காந்து நான் பாக்கணுமா?"

அஞ்சலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையையும் வாங்கிக்கொண்டாள்.

புஷ்பமேரி போனபிறகு அட்டையைப் போட்டோ எடுத்து மெரினுக்கு அனுப்பினாள். அதில் இருந்த எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. பதில் வரவில்லை. வாரக் கடைசி. அந்தப் பெண்ணுக்கும் வீடு வாசல் இருக்கும், ஞாயிறு பூசை இருக்கும். காலை ஐந்தரைக்குப் பார்த்தாள்; அப்போதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. ஆறேகாலுக்கு முதல் ஏலம் ஆரம்பித்தால் ஏழுக்குள் முடிந்துவிடும்.

தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மாத்திரை அட்டை உள்ளங்கையில் இருந்தது. போட்டால் அரை மணியில் முட்டி மடங்கும், அது நிச்சயம். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மனசு சொன்னது. அதையேதான் எட்டு வருஷமாகச் சொல்லிவருகிறது என்று இன்னொரு பக்கம் தோன்றியது. பிரான்சு மாத்திரை வேறாக இருக்குமோ? டாக்டரம்மா எந்தப் பெயரில் வந்தாலும் என்றாரே, பிரெஞ்சுப் பெயரும் பெயர்தானே? எழுந்தாள், உட்கார்ந்தாள். பிறகு அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டாள்: இன்றைக்கு நான் குந்தியே ஆகவேண்டுமா? இடத்தில் மனை விழ வேண்டும், மீன் வெட்டுப்பட வேண்டும். முட்டி மடங்க வேண்டும் என்று யார் சொன்னது?

மாத்திரை அட்டையை ரவிக்கைக்குள் வைத்தாள். அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிக்கொண்டாள். வலை தைக்கிற நைலான் கயிறு ஒரு சுருணை வீட்டில் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள். டியூட்டி முடிந்து வந்த ராஜவேல் வாசலிலேயே பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

துறைமுகத்தில் அவர்கள் இறங்கியபோது ஆறு ஐம்பது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. ஏலக்காரர் கடைசிக் குவியலுக்கு வந்துவிட்டார். அஞ்சலாட்சியின் இடத்தின் ஓரத்தில் வேம்பு சாக்கோடும் மனையோடும் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் விரிக்கவில்லை.

"காலி கிரேட்டு ரெண்டு எடுய்யா" என்றாள் அஞ்சலாட்சி. மீன் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி இரண்டை ராஜவேல் இழுத்துவந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள், இடுப்பு உயரம் வந்தது. கை வைத்ததும் ஆடியது. "ஐஸ கொட்டு. ரெண்டுலயும் முட்ட கொட்டு." உடைத்த ஐஸைக் கூடையால் அள்ளிக் கொட்டினார். பாரம் ஏறியதும் அசையாமல் நின்றது. மேலே ஒரு படகுப் பலகையைப் போட்டு, மனையின் கட்டையை அதில் வைத்து, நைலான் கயிற்றால் பெட்டியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினாள். பிட்டர் ராஜவேல் முடிச்சைச் சரிபார்க்கக் குனிந்தார். "தள்ளு, எனக்குத் தெரியும்" என்றாள்.

வரிசை முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

"இன்னாடி இது, தேரு கட்றியா?" என்றாள் ஆயம்மா.

"மனை போட்டுட்டேன் ஆயம்மாக்கா. ஏலம் இன்னும் முடியல."

"நின்னுகிட்டே வெட்டுவாங்களா எங்கியாவது?" வேம்பு முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஒன்றர வருஷமா நிக்கறேன் நான். நின்னா எடம்னா அப்ப எனக்கு எப்பவோ குடுத்திருக்கணும்!"

வேம்பு சொன்னதில் நியாயம் இருந்தது. அஞ்சலாட்சி ரவிக்கைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து, உட்கார்ந்திருந்த புஷ்பமேரியின் மடியில் வைத்தாள். "மேரி, இத்த வெச்சுக்கோ. முழுசா இருக்குது." புஷ்பமேரி அதைப் பார்த்தாள். முகம் சிவந்தது. எடுத்துச் சுருக்குப்பைக்குள் திணித்தாள்.

ஆயம்மா இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மாத்திரை போடாமயா வந்த?"

"ஆமாக்கா."

"வலி?"

"எட்டு."

ஆயம்மா மூக்கை உறிஞ்சினாள். "வெட்டு பாப்போம். மீனு ஒழுங்கா வெட்டுப்பட்டா எடம் உன்னுது. வாங்க வந்தவன் திட்டிட்டுப் போனான்னா வேம்பு உக்காரட்டும்."

முதல் மீன் ஒரு சங்கரா, ஒரு கிலோவுக்குக் கூடுதலாக இருந்தது. வாங்கியவர் நடைப்பயிற்சி உடுப்பிலேயே வந்த ஒரு பெரியவர். அஞ்சலாட்சி செதிலைச் சுரண்டிவிட்டு மீனை அரிவாளில் கொடுத்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கை கீழே தாழ்ந்தே வெட்டியது. இப்போது அரிவாள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. தலை கோணலாக வந்தது. கழுத்துச் சதை நல்ல ஒரு துண்டு தலையோடு போய்விட்டது.

"என்னம்மா, பாதி மீன் தலைக்குப் போயிடுச்சே" என்றார் பெரியவர்.

வேம்புவின் சாக்கு ஒரு மடிப்பு விரிந்தது.

"கொழம்புக்குத் தலைதான் சார் ருசி" என்று உட்கார்ந்தபடி புஷ்பமேரி கத்தினாள். யாரிடம் கோபம் என்று தெரியாத குரல். "சதையோட இருந்தா ஊட்டுக்காரம்மா சந்தோசப்படுவாங்க. எடுத்துட்டுப் போங்க." பெரியவர் முணுமுணுத்தாரே தவிரத் திட்டவில்லை.

இரண்டாவது மீனில் அஞ்சலாட்சி இடது காலில் பாரத்தைப் போட்டாள், முழங்கையை ஒடுக்கினாள். மூன்றாவதில் துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்தன. நான்காவது வெட்டும்போது ஏலக்காரரின் கூவல் நின்றது. முதல் ஏலம் முடிந்தது. ஆயம்மா தன் மனைக்குத் திரும்பி ஒரு கானாங்கெளுத்தியை எடுத்துக்கொண்டாள். அதுதான் தீர்ப்பு.

வேம்பு போகவில்லை. சுற்றின சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் கண்ணைப் பார்க்க அஞ்சலாட்சியால் முடியவில்லை. வலது முட்டி குத்திக்கொண்டிருந்தது. ஒரு மீனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொட்டகைத் தூண்வரை நாலடி போய் வந்தாள், மறுபடி மனைக்கு நின்றாள். எட்டரை மணி வெயிலில் கீழ்ப் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து ஓட ஆரம்பித்தது. ஐஸ் இளக இளகப் பெட்டி லேசாகி, அரிவாளில் மீனை அழுத்தும்போது அடியோடு அசைந்தது. கையில் இரண்டு கிலோ வஞ்சிரம், முன்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். ராஜவேல் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஏ வேம்பு" என்றாள் திரும்பாமலே. "இத்த கொஞ்சம் புடியேன். சாயுது."

"நான் ஏன் புடிக்கணும்?"

"புடிக்காத போ. சாஞ்சா எடம் உனக்குத்தான்."

வேம்பு கொஞ்ச நேரம் அசையும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்க்குள் ஏதோ வைதுகொண்டே வந்து, இடுப்பால் அதற்கு முட்டுக்கொடுத்தாள்.

"நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நாளைக்கும் வருவேன்."

"இப்பிடியேவா?"

"தெரியல" என்றாள் அஞ்சலாட்சி, வஞ்சிரத்தை அரிவாளில் கொடுத்துக்கொண்டே. "நவுராம புடி."